மோனா லேன் இடறிய தடை

கில்டேர்,
டிசம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோஷீன் எழுதுவது. இங்கே நலம். தோள்பட்டை மழை நாளில் மட்டும் முனகுகிறது, மற்ற நாட்களில் என் பேச்சைக் கேட்கிறது. அம்மா அனுப்பிய கேக்கை லாயத்தில் எல்லோரும் தின்று தீர்த்தார்கள். எடை பார்த்துச் சாப்பிட வேண்டிய ஜாக்கி நான் வாசனை பிடித்ததோடு சரி.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், எழுதித் தொலையுங்கள் என்று அம்மா சட்டம் போட்டதால் எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

முப்பது வருடமாக நீங்கள் பத்திரிகையில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று எழுதுகிறீர்கள். நான் ஜாக்கியாகி ஆறு வருடம். ஒரு தடவைகூட என் குதிரையை நீங்கள் தேர்ந்தெடுத்ததில்லை. சொந்தப் பெண்ணைத் தூக்கிவிட்டார் என்று ஊர் பேசும், சரி, அதை நான் விழுங்கிக்கொண்டேன். ஆனால் போன வாரம் எழுதினீர்களே: "மோனா லேன்: தர்ல்ஸ் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின தடையில் இடறியது. காலில் வேகம் இருக்கிறது, தாண்டும் நெஞ்சு இல்லை. நம்ப வேண்டாம்."

மோனாவின் சொந்தக்காரர் கசாப்புக் கடை ஹோகன் அதை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டு லாயத்துக்கே வந்துவிட்டார். "என்னம்மா, பெத்த அப்பாவே எழுதிட்டாரு. குதிரை மேலயும் நம்பிக்கை இல்ல, ஏறி ஓட்டுறவ மேலயும் இல்லன்னுதானே அர்த்தம்? லிம்ரிக்குக்கு வேற ஆளப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

கிறிஸ்துமஸ் மறுநாள் லிம்ரிக் பந்தயம். நான் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல குதிரை மோனா. அவளும் போனால் எனக்கு வேறு யார் கொடுப்பார்கள்? பதினெட்டாம் தேதி ஜாக்கி பெயரைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகள்,
ரோஷீன்

கில்மாலக்,
டிசம்பர் 5

அன்பு மகள் ரோஷீனுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா எனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிட்டு, கறி தாளிக்கும் சத்தத்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறாள்.

எனக்கு ஹோகன் மேல் விரோதம் இல்லை, உன் குதிரை மேலும் இல்லை. மலாக்கி கான்சிடைன் எழுதினால் கலப்படம் இருக்காது என்று நம்பி இந்த வட்டாரத்தில் ஆட்கள் வாரக்கூலியிலிருந்து ஐந்து யூரோ எடுத்துக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் உண்மை சொல்ல வேண்டும். உன் குதிரை அந்தத் தடையில் இடறியது உண்மை. பந்தய முடிவுத்தாளிலேயே இருக்கிறது.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கோழிகள் முட்டை குறைத்துவிட்டன. தோளுக்கு ஒத்தடம் கொடு.

அப்பா

கில்டேர்,
டிசம்பர் 8

அப்பாவுக்கு,

முடிவுத்தாளில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். "கடைசிக்கு முந்தின தடையில் தவறு" என்று நாலு வார்த்தை. நீங்கள் எழுதியதும் அதே நாலு வார்த்தைதான்.

அந்தத் தடைக்கு இருபது கெஜம் முன்னால், ஜாக்கியை உதறிவிட்டுத் தனியாக ஓடிய ஒரு சாம்பல் குதிரை எங்கள் குறுக்கே பாய்ந்தது. மோனா பக்கவாட்டில் எம்பி, சாம்பலையும் தடையையும் சேர்த்துத் தாண்டினாள். இறங்கும்போது மூக்கு புல்லில் தேய்ந்தது. நான் அவள் காதுக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தேன். அப்படியும் மூன்றாவதாக வந்தோம். அன்று தர்ல்ஸில் சூப் விற்ற அம்மாளுக்குக்கூட இது தெரியும்.

ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவையும் பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிற மலாக்கி கான்சிடைனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

நீங்கள் அந்த ஓட்டத்தைப் பார்க்கவில்லை. இல்லையா? நேற்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "உங்கப்பாவா? நீ ஓடுற நேரம் பாத்து எந்திரிச்சு கோழிக்குத் தண்ணி வைக்கப் போயிடுவாருடி. மூணு வருஷமா இதே கூத்து. அதுங்க தண்ணி குடிச்சே செத்துடும்" என்றாள்.

என்னைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் அப்பா. ஒரே ஒரு தடவை பாருங்கள். பார்த்த பிறகும் மோனாவுக்கு நெஞ்சு இல்லை என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ரோஷீன்

கில்மாலக்,
டிசம்பர் 13

என் கண்ணு ரோஷீனுக்கு,

நீ சொன்னது நிஜம். பார்க்கவில்லை.

டிராமோர் பந்தயத்தில் நீ விழுந்த அன்று நான் தடை ஓரமாக நின்றிருந்தேன். குதிரை எழுந்துவிட்டது, நீ எழவில்லை. நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கால் நகரவில்லை. பதினொரு நிமிடம். அதற்குப் பிறகு நீ குதிரை ஏறினால் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்கிறது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கோழிகளைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். உன்னைப் பார்க்காமல், தாளைப் பார்த்து உன் குதிரைகளுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இதைவிடக் கேவலம் வேறு இல்லை. என் வாசகர்களையும் ஏமாற்றினேன், உன்னையும்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மா மாடிப்படிக்குக் கீழே இருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நீ விழுந்த பிறகு ஓடிய ஓட்டங்கள் எல்லாம், ஒன்று விடாமல் டெலிவிஷனிலிருந்து பதிவு செய்து, தேதி எழுதி வைத்திருக்கிறாள். அறுபத்து மூன்று. "இன்னிக்கு கோழிக்கு நான் தண்ணி வைக்கிறேன், நீ உக்காரு" என்றாள்.

முதல் மூன்றை விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். நாலாவதிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நாலு நாளில் எல்லாம் முடித்தேன்.

உன்னிடம் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதிவிடுகிறேன். உன் கை எவ்வளவு அமைதியாக இருக்கிறது, ரோஷீன்! மற்ற ஜாக்கிகள் தடைக்கு முன்னால் குதிரையோடு வாதாடுகிறார்கள். நீ மூன்று எட்டு வைக்கும் தூரத்திலேயே அதனிடம் கேட்டுவிட்டு, அது சொல்வதற்கு விட்டுவிடுகிறாய். சோம்பேறிக் குதிரைகூட உன்னிடம் வந்தால் எண்ணித் தாண்டுகிறது. சேற்றில் எல்லோரும் உள்பக்கம் முட்டிக்கொள்ளும்போது நீ வெளிப்பக்கப் புல்லைத் தேடிப் போகிறாய். பாதையை நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் உனக்கு? நான் இல்லை.

தர்ல்ஸ் ஓட்டத்தைப் பதினாறு தடவை போட்டேன். அந்தச் சாம்பல் குதிரை வந்த விதத்துக்கு வேறு யாராவது மேலே இருந்திருந்தால் குதிரையும் ஆளும் சேர்ந்து உருண்டிருப்பார்கள். நீ காது வரை போயும் உட்கார்ந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டாய். பெருமையில் எழுந்து நின்று கத்தினேன். உன் அம்மா கோழிக்கூண்டிலிருந்து ஓடிவந்தாள்.

இந்த வாரப் பத்திரிகையில் வரப்போவதை இங்கே எழுதியிருக்கிறேன். முப்பது வருடத்தில் இது முதல் தடவை:

"திருத்தம். மோனா லேன் தர்ல்ஸில் இடறவில்லை. குறுக்கே வந்த குதிரையைத் தாண்டியது. அந்த ஓட்டத்தைப் பார்க்காமல் எழுதினேன். தப்பு என்னுடையது. ம. கா."

அப்பா

கில்டேர்,
டிசம்பர் 17

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லாயத்துக் கழிப்பறையில் பூட்டிக்கொண்டு படித்தேன். வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டித் திட்டினார்கள். என்னால் வர முடியவில்லை.

டிராமோரில் நீங்கள் அங்கேயே நின்றது எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு திரும்பியபோது அம்மா முகம்தான் தெரிந்தது. அப்பா கோபத்தில் போய்விட்டார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஹோகன் இன்று போன் செய்தார். "மலாக்கி தப்புன்னு ஒத்துக்கிட்டாரா! எங்க கடையில ஆட்டிறைச்சி வாங்க வந்தவனெல்லாம் அதைத்தான் பேசுறான். சரி, நீயே ஓட்டு. ஆனா பாத்துக்க, இப்ப அந்த மனுசன் என்ன எழுதினாலும் நான் நம்பித்தான் ஆகணும்" என்றார்.

லிம்ரிக் பந்தய முன்னோட்டக் கட்டுரையில் உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். பார்த்துவிட்டீர்கள், எனக்கு அது போதும்.

ரோஷீன்

கில்மாலக்,
டிசம்பர் 23

அன்பு மகளுக்கு,

நாளைய பத்திரிகையில் வருவதை முன்கூட்டி உனக்கு அனுப்புகிறேன். திட்டுவதென்றால் கிறிஸ்துமஸ் சாப்பாடு முடிந்த பிறகு திட்டு.

"லிம்ரிக்: நேற்று முழுப் பாதையும் நடந்தேன். கைத்தடி சேற்றில் நான்கு அங்குலம் இறங்குகிறது, இறக்கத்துத் தடைக்கு முன்னால் ஆறு. வேகத்தை நம்பி வருகிற குதிரைகள் மூன்றாவது மைலில் வீட்டை நினைத்துக்கொள்ளும்.

முதல் பந்தயத்தில் சில்வர் மாஸ். வேலையைச் சுத்தமாகச் செய்யும். பந்தயத்துக்கு முன்பே வியர்த்து நின்றால் மட்டும் பையைத் திறக்காதீர்கள். இரண்டாவதில் ஓல்ட் பார்சன். பன்னிரண்டு வயது, சேறு என்றால் அதற்குச் சர்க்கரை. வயதாகிவிட்டது என்பவர்கள் அதன் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கட்டும். மூன்றாவதை விட்டுவிடுங்கள். எனக்கும் விளங்கவில்லை.

நான்காவது, மூன்று மைல், பெரிய தடைகள். இந்தக் களத்தின் மிகச் சிறந்த ஜாக்கி மோனா லேன் மேல் இருக்கிறார். அவர் என் மகள். இதை நான் மூன்று வருடம் தாமதமாக எழுதுகிறேன். ஆனால் கேப்டன் டூலி ஒன்பது பவுண்டு எடை குறைவாகச் சுமக்கிறது, இந்தச் சேற்றில் அது பெரிய உதவி. கேப்டன் டூலி முதலாவது, மோனா லேன் அரைக் குதிரை நீளத்தில் இரண்டாவது. என் கணக்கு தப்பினால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்க மாட்டார்."

வேறு மாதிரி எழுதக் கை போனது. எழுதினால் உன்னைத் திரும்பவும் பார்க்காமல் எழுதியது போல ஆகிவிடும்.

அப்பா

கில்மாலக்,
டிசம்பர் 27

ரோஷீனுக்கு,

அரை நீளம்! நான் எழுதியபடியே நடந்துவிட்டது. ஊரில் என் கையைப் பிடித்துக் குலுக்காத ஆள் இல்லை. எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

கடைசித் தடை தாண்டி நீயும் டூலியும் கழுத்தும் கழுத்துமாக வந்தபோது நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பந்தயப் பணம் வாங்கும் புக்கி பாட்ஸி மெல்லாய் தன் பெட்டி மேல் ஏறி நின்று, "யோவ் மலாக்கி, நீ எழுதினது டூலின்னுதானேய்யா? உன்னை நம்பிக் கட்டினவன் பூராப் பேரும் இங்கதான் நிக்கிறான், நீ என்னய்யா மோனா மோனான்னு உயிரை விடுற?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு குறை. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இறக்கத்துத் தடைக்கு முன்னால் நீ தலையை இடப்பக்கம் திருப்பினாய். ஒரு கணம்தான். மோனா அரை எட்டுத் தயங்கினாள். அந்த அரை நீளம் அங்கேதான் போனது. தடைக்கு முன்னால் தலை திருப்பக் கூடாது என்று தெரியாத ஜாக்கியா நீ? எதைப் பார்த்தாய்?

அப்பா

கில்டேர்,
டிசம்பர் 30

அன்பு அப்பாவுக்கு,

முடிவுத்தாளை வாங்கிப் பார்த்தேன். "இரண்டாவது, அரை நீளம், நன்றாக ஓடியது" என்றுதான் போட்டிருக்கிறது. தலை திருப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டெலிவிஷனிலும் பார்த்தேன், அந்த இடத்தில் கேமரா டூலி பக்கம் இருக்கிறது. ஹோகனுக்குத் தெரியாது. எங்கள் லாயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று பந்தயப் பாதைக்கு நான் நடந்துபோகும்போதே அம்மா சொல்லிவிட்டாள். "உங்கப்பா இறக்கத்துத் தடைகிட்ட கம்பியப் புடிச்சிட்டு நிக்கிறாருடி. வான்னா வர மாட்டேங்கிறாரு."

இனி தலை திருப்ப மாட்டேன், சத்தியம். அன்றைக்கு மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் பழுப்புத் தொப்பிக்குக் கீழே கண் திறந்திருந்தது.

உங்கள் மகள்,
ரோஷீன்