மூன்று தெரிவுகளில் நடுவில் உள்ளது

மே 12, திங்கள்

எங்கள் செயலகத்தின் வேலை, உள்நாட்டுக் காலநிலை பற்றிப் பிரதமருக்கு ஆலோசனை சொல்வது. ஆலோசனை என்பது நாங்களே வைத்துக்கொண்ட பெயர். உண்மையில் மூன்று தெரிவுகளை எழுதி மேலே அனுப்புவோம். முதலாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மூன்றாவது, எந்தப் பிரதமரும் செய்யத் துணியாதது. நடுவில், நாங்கள் விரும்புவது. பிரதமர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. நடுவில் உள்ளதைத் தவிர வேறெதையும் யாரும் தொட்டதில்லை.

இந்த முறை நடுவில் இருப்பது என்னுடையது: மத்திய அரசின் உதவி பெறும் வாடகைக் கட்டடங்களில், கோடையில் வீட்டுக்குள் வெப்பம் 26 பாகையைத் தாண்டக்கூடாது. மூன்றாவதாக, வெப்ப அலை வந்தால் வாடகைக்கு இருப்போர் எல்லோரையும் அரசு செலவில் ஹோட்டலில் தங்கவைப்பது என்று எழுதினேன். எழுதும்போதே சிரிப்பு வந்தது.

மே 18, ஞாயிறு

நகரத்துக்குள், வில்லரேயில் இருக்கும் அண்ணையைப் பார்க்கப் போனேன். மூன்றாம் மாடி, மேலே தார் போட்ட தட்டைக் கூரை. மே மாதத்திலேயே உள்ளே அடுப்படி மாதிரி இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர் பனியனோடு மின்விசிறிக்கு முன்னால் குந்தியிருக்கிறார். ஜன்னலில் ஏசி பூட்ட வீட்டுக்காரன் விடமாட்டானாம். பழைய வயர் தாங்காதாம். அந்தக் கட்டடமும் அரசு உதவி பெறுவதுதான்.

புறநகரில், பியர்பொன்ட்ஸில் எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன்.

"உங்கை வந்து என்ன செய்யிறது? பால் வாங்கவும் கார் வேணும். இஞ்ச கீழ இறங்கினால் டெப்பனர் கடை."

"ஜூலையில தாங்கமாட்டியள், அண்ணை."

"நீதானே பிரதமருக்குச் சொல்லுற ஆள். சொல்லன்."

மே 27, செவ்வாய்

பணிப்பாளர் ஜெயசங்கர் கூப்பிட்டார். சென்னைக்காரர், பொறியியலாளர், யாரையும் நோகடிக்காத நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான்.

"சிவமலர், அந்த ஹோட்டல் ஆப்ஷன் வேண்டாங்க. பேப்பர்காரங்க கையில கிடைச்சா நாறிடும்."

"அது தெரிவு செய்யிறதுக்கு இல்லை, சேர். சும்மா பக்கத்தில நிக்கிறதுக்கு."

"தெரியுது. ஆனாலும் எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா ஒரு விழிப்புணர்வு போஸ்டர் சேர்த்துடலாம்."

எடுத்துவிட்டேன். போஸ்டரைச் சேர்த்தேன். மேலே போய்விட்டது.

மே 28, புதன்

இப்போதுதான் உறைக்கிறது. ஒன்று: ஒன்றும் செய்யாமை. இரண்டு: போஸ்டர். மூன்று: 26 பாகை.

ஐயோ — நான் இப்போது ஹோட்டல் ஆகிவிட்டேன்!

ஜூன் 6, வெள்ளி

பிரதமர் தெரிவு செய்தது போஸ்டர்தான். "சமநிலையான அணுகுமுறை" என்று பாராட்டும் வந்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

எல்லா மொழிகளிலும் போஸ்டர் அச்சாகிறது. தமிழை என்னிடம் சரிபார்க்கத் தந்தார்கள். "தண்ணீர் குடியுங்கள். குளிரூட்டப்பட்ட பொது இடம் ஒன்றுக்குச் செல்லுங்கள்." ஒரு பிழையும் இல்லை. அதுதான் ஆத்திரம்.

ஜூன் 23, திங்கள்

வெளியே நெருப்பு. மதியம் சாப்பிடக் கீழே இறங்கினால், எங்கள் வரவேற்புக் கூடத்துச் சோபாவில் அண்ணை! பக்கத்தில் அவருடைய கட்டடமே உட்கார்ந்திருக்கிறது. ஹெய்ட்டிக்கார அம்மா ஒருவர் பின்னல் வேலையோடு, கிரேக்கத் தம்பதி சீட்டுக்கட்டோடு, கீழ் வீட்டு நிரோஜா கைக்குழந்தையோடு.

"என்ன அண்ணை இஞ்ச?"

"படியில நோட்டீஸ் ஒட்டியிருக்கு. குளிரான பொது இடத்துக்குப் போகட்டாம். உங்கட கந்தோரைவிடக் குளிரான இடம் டவுன்டவுனில எங்க இருக்கு?"

கொள்கை மக்களைச் சென்றடைந்ததற்கு ஆதாரம் என்று ஜெயசங்கர் அவர்களைப் படம் எடுத்தார். பிறகு, இவர்கள் எப்போது போவார்கள் என்று காவலாளியிடம் மெதுவாகக் கேட்டார்.

ஜூன் 26, வியாழன்

போஸ்டரை முறைப்படி வெளியிடப் பிரதமர் வந்தார். கமராக்கள் பின்னால் வர, கூடத்தில் இருந்தவர்களோடு கைகுலுக்கினார். அண்ணை அவர் கையை விடவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வீடு சரியான சூடு என்றார். இவள் என் தங்கச்சி, என்ன செய்ய வேண்டும் என்று இவளுக்குத் தெரியும் என்றார்.

பிரதமர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கள், என்ன செய்யலாம்?"

இத்தனை வருஷ சேவையில் ஒரு பிரதமர் என்னிடம் நேரே கேட்டது இதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தேன்.

"மூன்று தெரிவுகள் உள்ளன, பிரதமர் அவர்களே."

மூன்றையும் சொன்னேன். நிதானமாக, ஒழுங்கு பிசகாமல், என்னுடையதைக் கடைசியில் வைத்து. அவர் கவனமாகக் கேட்டார். நடுவில் உள்ளது நல்லதாகப் படுகிறது என்று சொல்லிவிட்டு, போஸ்டரோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெயசங்கர் கை தட்டாத குறை.

அண்ணையை வீட்டில் விடுவதற்கு நானும் மெட்ரோவில் போனேன். "ஏன் பிள்ளை, அந்தாள் கேட்டவர்தானே? நேர சொல்லியிருக்கலாமே," என்றார். கோபமாகக்கூட இல்லை.

என்னைச் செருப்பால அடிக்கவேணும். கேட்டவர்தானே! ஏன் வாயில வரேல்லை?

ஜூன் 30, திங்கள்

கூடத்துச் சோபாக்களை எடுத்துவிட்டார்கள். முன் அனுமதி இல்லாமல் இனி யாரும் உள்ளே வரமுடியாது. போஸ்டர் மட்டும் வாசல் கண்ணாடியில், வெளிப்பக்கம் பார்த்தபடி.

ஜூலை 14, திங்கள்

அண்ணை படியில் மயங்கி விழுந்துவிட்டார். நிரோஜாதான் அம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறாள். உடம்பில் தண்ணீர் வற்றி இதயம் களைத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். பின்னேரம் கண் விழித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பயமாக இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை பேர்?

ஜூலை 17, வியாழன்

பிரதமருக்குப் புதுக் குறிப்பு எழுதினேன். ஒரே பந்தி. 26 பாகை, இந்தக் கோடையிலேயே. ஜெயசங்கர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மத்த ரெண்டு ஆப்ஷன் எங்க?"

"இல்லை, சேர்."

"இல்லைன்னா எப்படிங்க? அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?"

"கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோ. இல்லாட்டி, அனுப்பமாட்டன் எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ."

பேனையைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.