றொசல்லச் சரிவில் நிற்கும் கவச வண்டி

அனுப்புபவர்:
திருமதி பவுலின் செபஸ்தியாம்பிள்ளை,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
லின்ட்ரோஸ் தோட்டம், மேற்பிரிவு,
றொசல்ல.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: பழைய கவச வண்டியொன்றை மண்சரிவுப் புகலிடமாகப் பயன்படுத்துவதை உடனடியாக நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலேயுள்ள சரிவில், இராணுவம் கழித்துவிட்ட கவச வண்டியொன்று சென்ற ஆண்டு முதல் நிற்கிறது. தோட்ட நிர்வாகம் அதை ஏலத்தில் எடுத்து, சில்லுகளையும் இயந்திரத்தையும் கழற்றி விற்றுவிட்டு, மீதிக் கூட்டை மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருக்கிறது. கடும் மழையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் லயத்துக் குடும்பங்கள் அதற்குள் போய் அமர வேண்டும் என்பது உத்தரவு.

2. இவ்விடயத்தில் எழுத எனக்குள்ள தகுதியைக் கூறிவிடுகிறேன். என் கணவர், காலஞ்சென்ற செபஸ்தியாம்பிள்ளை, யுத்த காலத்தில் கொழும்பில் இத்தகைய வண்டிகளுக்கு வரைபடம் வரைந்தவர். இந்த வண்டி அவர் வரைந்த வகையைச் சேர்ந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து அவர் வரைந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புரியாததைக் கேட்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

3. இவ்வண்டி நிலக்கண்ணிக்காகக் கட்டப்பட்டது. அடிப்பாகம் படகைப் போலக் கூராக இருப்பது, கீழே வெடிப்பதன் வேகத்தை இரு பக்கமும் பிரித்துவிடுவதற்காக. இருக்கைகளைத் தரையில் பூட்டினால் அதிர்ச்சி முதுகெலும்பில் ஏறும் என்பதால், அவற்றைக் கூரையிலிருந்து வார்களில் தொங்கவிட்டார்கள். கீழே இரும்பைக் கூட்டியதால், மொத்தப் பாரம் கூடாதிருக்க மேலே குறைத்தார்கள். ஆகவே கூரையே இதன் மெலிந்த இடம். மண்ணோ மேலிருந்து வரும்.

4. சில்லில்லாத கூரிய அடிப்பாகம் ஈர மண்ணில் நிலைத்து நிற்காது; உருளும். பின்கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அதை மலையைப் பார்த்தபடி வைத்திருக்கிறார்கள். கதவு இறுகிவிட்டால் ஏறி வெளியேறுவதற்கென்றே கூரையில் இரண்டு மூடிகள் வைக்கப்பட்டிருந்தன. மழை ஒழுகுகிறது என்று அவ்விரண்டையும் வெல்டிங் செய்து அடைத்துவிட்டார்கள்.

5. இதைத் தோட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் திரு. கஜேந்திரன் அவர்களிடம் நேரில் விளக்கினேன். "டீச்சரம்மா, குண்டுக்கே அசராத வண்டிங்க. மண்ணு என்னங்க பண்ணிரும்?" என்று சிரித்தார். அவர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

6. சென்ற மாதத்து மழையில் குடும்பங்கள் உள்ளே அமர்ந்திருந்தபோது, கணுக்கால் அளவு சேறு வந்து கதவடியில் தேங்கியது. அவ்வளவுக்கே கதவு திறக்கவில்லை. வெளியே இருந்தவர்கள் அலவாங்கு கொண்டு நெம்பித் திறந்தார்கள். கொழுந்து பறிக்கும் ராக்காயி என்பவரின் மருமகள் பூரணி கைக்குழந்தையுடன் உள்ளே இருந்தார். வெளியே எடுத்தபோது குழந்தை அழவில்லை என்றும், கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது என்றும் பூரணி என்னிடம் சொன்னார்.

7. அன்றிலிருந்து ஆளில்லாத வேளைகளில் வண்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. தொழிற்சாலை இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனி அங்கே குடிவந்துவிட்டார் என்று நம்பி, மக்கள் கதவடியில் சூடம் ஏற்றி, வாழைப்பழம் படைக்கிறார்கள். நான் கத்தோலிக்கப் பெண்; பிறர் வழிபாட்டைக் குறை கூற வரவில்லை. ஆனால் ராக்காயி சொன்னதை அப்படியே தருகிறேன்: "முனி உள்ள இருக்காருங்க டீச்சர். அதான் தட்டுறாரு. மழை வருது, வாங்கன்னு எங்களக் கூப்பிடுறாரு." இனி சங்கு ஊதும் வரைகூட இவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

8. சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் நானே உள்ளே சென்று பார்த்தேன். மூடுபனி, காற்று இல்லை. இருக்கைகள் அனைத்தும் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தன, ஒரே பேச்சை உற்றுக் கேட்பவர்களைப் போல. உண்மையில் இருக்கைகள் நேராகவே தொங்கின. சாய்ந்திருந்தது வண்டி. அதாவது, அதன் கீழுள்ள நிலம் நகர்கிறது. மேலேயுள்ள ஊற்று கலங்கி வருவதும், ஓரத்து மரங்கள் சரிந்திருப்பதும் இதையே காட்டுகின்றன.

9. தொங்கும் இருக்கைகள் சாய்ந்த சுவரில் மோதுவதே சத்தத்துக்குக் காரணம் என எண்ணி, அவற்றைக் கயிற்றால் இறுகக் கட்டினேன். அதன் பின்னரும் தட்டல் நிற்கவில்லை. அது சுவரிலிருந்து வரவில்லை. அடியிலிருந்து வந்தது, செருப்பைத் தாண்டிப் பாதத்தில் தெரிந்தது. நகரும் மண்ணில் கற்கள் புரண்டு இரும்பில் இடிக்கலாம். ஆனால் கற்கள் அவ்வளவு சீரான இடைவெளியில் இடிக்குமா என்பதை நான் அறியேன். உங்கள் அதிகாரிகள் வந்து கேட்டுச் சொல்லட்டும்.

10. அன்றே உள்ளே எவருமில்லை என்பதை என் கண்ணால் பார்த்து, கதவில் என் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டேன். அது தோட்டத்தின் சொத்து; எனக்கு அந்த உரிமை இல்லை. இதற்காக எந்த விசாரணைக்கும் வரத் தயாராக இருக்கிறேன். மழை வலுத்தால் குடும்பங்கள் தங்குவதற்கு, கீழேயுள்ள தேவாலய மண்டபத்தைத் திறந்துவைக்கப் பங்குத்தந்தை இணங்கியுள்ளார். அங்கு போக எவருக்கும் மனமில்லை.

11. ஆகவே மண்சரிவு ஆய்வு அதிகாரிகளை உடனே அனுப்பி இச்சரிவைப் பரிசோதிக்கவும், இக்கூட்டை அகற்றவும், லயத்து மக்களை அடுத்த பெருமழைக்கு முன் பத்திரமான இடத்துக்கு மாற்றவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

12. பூட்டின் சாவியை இம்மனுவுடன் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். காரணம் இது: பூட்டிய பின்னும் தட்டல் கேட்கிறது. உள்ளே யாரோ அகப்பட்டிருக்கிறார்கள், திறந்துவிடுங்கள் என்று ராக்காயியும் மற்றவர்களும் ஒவ்வொரு மாலையும் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே யாருமில்லை என்று நேற்று வரை உறுதியாகப் பதில் சொன்னேன். இனியும் சாவி என் கையில் இருந்தால், கொடுத்துவிடுவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பவுலின் செபஸ்தியாம்பிள்ளை

இடம்: றொசல்ல
திகதி: 09.06.2025

இணைப்பு: சாவி ஒன்று. வேறு சாவி இல்லை.