மூன்று தட்டு

என் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நன்றாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போன் ஹாலில் இருக்கிறது, அண்ணியும் ஹாலில் இருக்கிறாள், அப்புறம் நான் எதைப் பேசுவது? நன்றாயிருக்கேம்மா என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, அதில் பாதி பொய்.

அண்ணி வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறாள் என்று உனக்குத் தெரியும். நாலு மணிக்குப் பதின்மூன்று வாண்டுகள் வந்து ஹாலை அடைத்துக்கொள்ளும். இங்கிலீஷ் வார்த்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கை தட்ட வேண்டும். எ-லி-ஃபண்ட், மூன்று தட்டு. சந்தேகம் வந்தால் மோவாய்க்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும், தாடை எத்தனை தடவை இறங்குகிறதோ அத்தனை அசை. கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அறைக்கு வழி அந்த ஹால் ஒன்றுதான். பிள்ளைகள் உள்ளே ஓடி வந்து என் மாத்திரைகளை உருட்டுகின்றன என்று வெளியே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள், நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். நாலு மணியிலிருந்து ஆறரை வரை நான் உள்ளே.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கப் போனேன். எதற்கு என்று இப்போது கேட்காதே. ஸ்டூல் சறுக்கி, பெட்டியும் நானுமாகக் கீழே விழுந்தோம். மூச்சே வரவில்லை, கத்தினாலும் அந்தக் கைதட்டலில் யார் காதில் விழும்? தவழ்ந்து போய்க் கதவை உள்ளங்கையால் மூன்று தடவை அடித்தேன். வெளியே ஒரு நொடி அமைதி. அப்பாடா, வருகிறாள் என்று நினைத்தேன். ஒரு குட்டிப்பெண் “மூணு! எலிஃபண்ட் மிஸ்!” என்று கத்தினாள். “இல்ல, பனானா!” என்றது இன்னொன்று. எனக்குப் பயம் வந்துவிட்டது, நாலு தடவை அடித்தேன். “கேல்குலேட்டர்!” என்று ஹாலே அதிர்ந்தது. எல்லோரும் எனக்குப் பதிலுக்குக் கை தட்டினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் கிடந்து அழுதேனம்மா, உன் அம்மா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

ஆறரைக்கு அவள் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் எப்படியோ கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். “மாமா, பிள்ளைங்க என்னமா சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? தினமும் தட்டுவீங்களா?” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் என்னால் ஒரு காரியம் ஆகிறது என்று யாரும் சொன்னதில்லை. சரிம்மா என்றேன். வேறென்ன சொல்வது? விழுந்தேன் என்றால் உன் அண்ணன் அவளைப் பிடித்துக் கத்துவான், மறுநாளே ட்யூஷனை நிறுத்துவான். என் ஆபரேஷனுக்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டவள் அவள். இதையும் நான் பிடுங்கலாமா?

இப்போது எனக்கு டொக்டொக் தாத்தா என்று பெயர். தினமும் தட்டுகிறேன், அவர்கள் எண்ணுகிறார்கள். நாளைக்கு நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாலும் எண்ணத்தான் போகிறார்கள். அண்ணியிடம் போனில் பேசும்போது அந்தத் தாழ்ப்பாளை மட்டும் எடுக்கச் சொல். நான் சொன்னேன் என்று மூச்சு விடாதே, வயசானவர் இருக்கிற அறையாயிற்றே என்று நீயாகச் சொல்கிற மாதிரி சொல். பதில் எழுதினால் அவளும் படிப்பாள், அதனால் சௌக்கியம் மட்டும் எழுது.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உங்கள் வீட்டில் ஒரு சின்னக் கட்டில் போட இடம் இருக்குமா? சும்மாதான் கேட்டேன். பெட்டியை இன்னும் மேலே வைக்கவில்லை. மணி நாலு, தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கிறது.

உன் அப்பா