மூத்த வீட்டுக் குடத்துத் தண்ணீர்

அன்பு மகள் அவுவோருக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை அடோயோ எழுதுவது. இங்கே நான், அப்பா, அடோயோ, மாடு இரண்டும் சுகம். ரோட்டர்டாம் குளிர் உன்னை என்ன செய்கிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, பதிலில் முதலில் அதை எழுது.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். உன் அலுவலகம் பணம் போட்டு அனுப்பிய சோலார் விளக்கு நம் வளவில் எந்த வீட்டில் எரிகிறது தெரியுமா? இளையவள் வீட்டில். அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த அலேகோ ஊர்ப் பெண், நியார் அலேகோ வீட்டில். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் முதலில் என்று உங்கள் தாளில் போட்டிருக்கிறதாம். பிள்ளையை வளர்த்து உங்கள் அலுவலகத்துக்கே அனுப்பி வைத்தவளுக்கு இருட்டா? வாசலுக்கு நேரே நிற்பது மூத்தவள் வீடு. நான் விதைக்காமல் அவள் விதைக்கக் கூடாது, நான் அறுக்காமல் அவள் அறுக்கக் கூடாது. விளக்குக்கு மட்டும் அந்த வரிசை கிடையாதா? அவள் வீட்டு வெளிச்சம் என் சுவர்வரை வந்து விழுகிறது. நான் அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு மண்ணெண்ணெய்ப் புகையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அது போதாதென்று, உன் அலுவலகம் ஊற்றடியில் வைத்த நீல மருந்துத் தொட்டிக்குக் காவல் யார் என்று பெண்கள் கூடியபோது எல்லோரும் அவளுக்கே கை தூக்கினார்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. குடத்தை வைத்துத் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் குளோரின் விழும், அப்புறம் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு பச்சைச் சட்டை வேறு. அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், இவ காவல் காக்குற மருந்து என் குடத்துல விழாது, இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் எட்டுப் பெத்தேன் என்று. மீன் விற்கிற அபூயா, எட்டுப் பெத்தே சரி, எத்தனையப் பொதைச்சே என்று கேட்டாள். மூன்று. உனக்கும் தெரியும். கோபம்தான் இன்னும் ஏறியது.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஆள் வந்தது, சொல்லாமல்தான் வருவார்கள். பெரில் என்று ஒரு பெண், மோட்டார் சைக்கிளில். பத்து வீட்டுக்குச் சீட்டுப் போட்டாள். எட்டு வீட்டுக் குடத்திலாவது மருந்து இருந்தால் நம் ஊற்றுக்குச் சோலார் பம்பு, இல்லாவிட்டால் அந்தப் பணம் கொதியெனோ ஊருக்கு. ஒன்பது வீடு பார்த்ததில் ஏழுதான் தேறியது. கடைசிச் சீட்டு என் வீடு. ஊரே என் வாசலில் வந்து நின்றது. போச்சுடி நம்ம பம்பு, இனிமே இவ வீம்பைத்தான் குடத்துல புடிக்கணும் என்று அபூயா உரக்கச் சொன்னாள். அப்பா மரத்தடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். பெரில் என் குடத்துத் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து ஒரு பொடியைப் போட்டு ஆட்டினாள். இளஞ்சிவப்பாக மாறியது. மருந்து இருக்கிறது, பம்பு உங்களுக்குத்தான் என்றாள். யாரும்மா மருந்து விடுறது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நியார் அலேகோ முன்னால் வந்து, அக்காதான், இந்த வளவுல எதையும் அவங்கதான் மொதல்ல தொடங்குவாங்க, அப்புறந்தான் நாங்க என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். விளக்கு அவளுக்கு, பச்சைச் சட்டை அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது. எனக்கு என்ன மிச்சம்?

உன்னிடம் மறைக்கவில்லை, என் மூக்கு ஒன்றும் அடைத்துப் போகவில்லை. இரண்டு மாதமாகக் குடத்தைத் திறந்தால் மருந்து வாசனை. தண்ணீருக்குப் போகிறவள் அடோயோ. ஏழாவதோடு பள்ளியை நிறுத்தியவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இவள் கையிலிருந்த குடத்தை இழுத்து வைத்துத் திருகிய பச்சைச் சட்டை யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அதனால் பேசாமல் குடித்தேன். பெரில் குப்பியை ஆட்டியபோது, இன்றைக்கும் விட்டிருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்கிறாள். எழுதுடி என்று சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் மழை விழுந்த பிறகும் இடுப்பு வலி என்று ஒன்பது நாள் விதைக்காமல் படுத்துக்கிடந்தேன். வலி ஒரு நாளைக்குத்தான் இருந்தது. நியார் அலேகோ தினமும் மண்வெட்டியோடு வேலியோரம் வந்து நின்றுவிட்டுத் திரும்புவாள். பிந்தி விதைத்ததில் அவள் மக்காச்சோளம் பாதி கருகியது. இந்த வருஷம் வியாழக்கிழமை முதல் மழை. வெள்ளி விடியும்போதே போய் முதல் வரிசையை ஊன்றிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், விதைக் கூடையோடு செருப்புகூடப் போடாமல் ஓடி வருகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவேன் என்றும் நினைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, கடவுள் நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு முன்னே போகட்டும். மறந்துவிடாமல் உன் அலுவலகத்தில் ஒன்று சொல். பம்பு திறக்கிற அன்று முதல் குடம் மூத்த வீட்டுக்கு என்று தாளில் எழுதட்டும். இரண்டாவது நியார் அலேகோவுக்கு என்றும் எழுதட்டும். இல்லாவிட்டால் அந்த அபூயா முந்திக்கொள்வாள்.

உன் அம்மா,
மூத்த வீட்டு நியார் சாகுவா