பதின்மூண்டு கழகத்து மாப்பிள்ளை

மே 4
மகள் தக்ஷிகா இண்டைக்கு ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மிலோஷ். சேர்பியாக்காரன், வயது முப்பத்தாறு, தொழில் உதைபந்தாட்டம். "நடுவிலை விளையாடுறவர் அப்பா" எண்டாள். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. இதுவரைக்கும் பதின்மூண்டு கழகமாம். ஹங்கேரி, சைப்பிரஸ், மால்ரா, கசகஸ்தான், சுவீடன்... கைவிரல் போதாமல் தேத்தண்ணிக் கோப்பையையும் சேர்த்து எண்ணிக் காட்டினான். ஒருத்தரும் இரண்டாம் வருசம் வைச்சிருக்காத ஆளை நான் ஆயுளுக்கும் வைச்சிருக்கவேணுமாம். கலியாணத்துக்குச் சம்மதிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.

மே 5
"நீங்களும் சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் எண்டு கலைபட்டுத்தானே லண்டனுக்கு வந்தனீங்கள்?" எண்டு கேக்கிறாள். நான் அகதி. பந்துக்குப் பின்னாலை ஓடேல்லை.
"அவரும் கனக்க ஓடமாட்டார் அப்பா. பந்தைக் குடுத்துப்போட்டு நிப்பார்."

ஜூன் 9
பதின்மூண்டாவது கழகமும் அவனை விட்டுட்டுதாம். முழங்கால். கோலியர்ஸ் வுட்டிலை இருக்கிற என்ரை வீடு பதினாலாவது கழகமில்லை.

ஜூன் 22
வைத்தியநாதன் வந்தான். எங்கடை ஊர் விளையாட்டுக் கழகச் செயலாளர். அடுத்த மாசம் லண்டனிலை ஊர்க் கழகங்களின்ரை கிண்ணப் போட்டி. மூண்டு வருசமாப் பக்கத்து ஊர்க்காரரிட்டைத் தோல்வி. சட்டப்படி ஊரிலை பிறந்தவன், ஊராக்களின்ரை பிள்ளை, இல்லாட்டி ஊர் மாப்பிள்ளைதான் இறங்கலாம்.

"அண்ணை, மிலோஷ் உங்கடை மருமகன் எண்டு ஒரு கையெழுத்து."

"போன வருசத் தைப்பூசத்தண்டு, லூயிஷாம் சிவன் கோயிலிலை, செருப்புத் தட்டடியிலை நிண்டு என்ன சொன்னனீ? நீலச் சேட்டுப் போட்டிருந்தனீ. 'கனகலிங்கத்தாற்றை பெட்டை வெள்ளையோடை திரியுது' எண்டு."

"அது பழசு அண்ணை. இப்ப எங்களுக்கு நடுவிலை ஆள் இல்லை."

ஊர் மானமாம்! மகளுக்குக் குடுக்காத சம்மதத்தைக் கிண்ணத்துக்குக் குடுக்கட்டாம். குடுத்தன். மூண்டாம் வகுப்புப் பிள்ளையின்ரை மாதிரிக் கையெழுத்து, கோணலாய். பந்துக்கு மட்டும்தான், கலியாணத்துக்கில்லை எண்டும் சொன்னன்.

ஜூன் 23
மிலோஷ் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சான். தக்ஷிகா தமிழிலை சொன்னாள்: "மாப்பிள்ளை ஆகாமல் மாப்பிள்ளை எண்டு விளையாட மாட்டாராம்."

"கிண்ணம் கிடைச்சால் என்ரை மனம் மாறினாலும் மாறும் எண்டு சொல்லு."

சொன்னாள். அது தெரியுமாம். எண்டாலும் ஏலாதாம்.

பதின்மூண்டு இடத்திலை பேர் பதிஞ்சவனுக்கு என்ரை கையெழுத்துத்தான் கூடாமல் போச்சு. மடையன். சரியான மடையன் — எனக்கேன் வெக்கமாக் கிடக்கு?

ஜூலை 21
நாலுக்குப் பூச்சியம். பூச்சியம் நாங்கள்தான். மிலோஷ் கோட்டுக்கு வெளியிலை நிண்டு எங்கடை பெடியளுக்குத் தண்ணி குடுத்தான். வைத்தியநாதன் அவனைப் பாக்காமல் முகத்தைத் திருப்பினான். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மிலோஷுக்குப் பக்கத்திலை போட்டன். அந்தப் பக்கம் வெயில் குறைவு. அவ்வளவுதான்.

ஜூலை 22
தக்ஷிகாவைக் கலியாண எழுத்துக்கு நாள் பாக்கச் சொன்னன். கிண்ணம் போன பிறகுதான் சொன்னனான். ஊரிலை எல்லாருக்கும் அது விளங்கவேணும்.

ஒக்ரோபர் 12
வைத்தியநாதன் ரெலிபோன் எடுத்தான். "அண்ணை, எழுத்தும் முடிஞ்சுது. வாற வருசம் ஆளை இறக்குவமே?"

"அவர் பந்தை விட்டுட்டார். பஸ் ஓட்டப் பழகுறார்" எண்டன்.

"உங்கடை மருமகனை ஒருக்காக் கேட்டுத்தான் பாருங்கோவன்!"

"விடிய நாலு மணிக்கு எழும்பிப் போனவர், இப்பதான் வந்து முன்னறையிலை கண்ணயர்ந்தவர். மெல்லமாக் கதை."