பன்னிரண்டாம் மாடி ஜன்னல்

மார்ச் 6
கேஸை அணைத்தேனா என்று ஆங் மோ கியோ ரயில் ஸ்டேஷன்வரை போய்விட்டுத் திரும்பினேன். அணைத்துத்தான் இருந்தது. திரும்பும்போதே தெரியும். தெரிந்தும் திரும்பினேன். மேனேஜரிடம் வயிற்றுவலி என்றேன். பாவம் என் வயிறு, எத்தனை பழியைத்தான் சுமக்கும்.

மார்ச் 19
வீவகவில், அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகத்தில், வீடு தேர்ந்தெடுக்கும் நாள். பொங்கோல், பன்னிரண்டாம் மாடி. கல்யாணமானதும் சரத்தும் நானும் குடிபோக வேண்டிய வீடு. அந்த ப்ளாக்கில் இந்தியருக்கென்ற இன ஒதுக்கீட்டில் மிச்சம் அது ஒன்றுதான். எனக்குப் பிடித்திருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன் — ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை விழுந்தது. இன்னும் பிறக்காத எங்கள் குழந்தை. மனசுக்குள்தான். ஆனாலும் கண்ணால் பார்த்த மாதிரி.

"பிளானை இன்னொரு தடவை காட்டுங்க" என்றேன். கவுண்டர் அதிகாரி காட்டினார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அதற்குள் வேறு கவுண்டரில் யாரோ அந்த வீட்டை எடுத்துவிட்டார்கள். மற்ற ப்ளாக்குகளில் எல்லா ஜன்னலிலும் அதே குழந்தை. வெறுங்கையோடு எழுந்து வந்தோம்.

லிஃப்டில் சரத் கேட்டான்: "என்னைக் கட்டிக்க இஷ்டம் இல்லன்னா நேராச் சொல்லிடு லா, ரக்ஷனா."

ஐயோ, அது இல்லடா. அது இல்லவே இல்ல.

மார்ச் 20
அவன் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 2
தேக்காவில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேஸ், ஜன்னல், குழந்தை. கேட்டுக்கொண்டே இருந்தான். பரோட்டா ஆறிப்போனது.

"டாக்டரைப் பாரு. நானும் வரேன். ஆனா அடுத்த தடவை குலுக்கல்ல நம்பர் கிடைச்சா எடுத்துடணும். இன்னொரு தடவை எங்கம்மாகிட்ட என்னால சமாளிக்க முடியாது."

அடுத்த தடவையும் முடியாவிட்டால்? ஆறிய பரோட்டாவைப் பிய்த்துத் தின்றேன்.

ஜூன் 11
ஓசிடிதான், சந்தேகம் தீராமல் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைக்கும் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மூலமாக இன்று ஒரு மூளை ஆய்வுக்குப் போனேன். ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வேண்டும். திரையில் சிவப்பு, நீலப் புள்ளிகள். எது அதிகம் என்று உறுதியானதும் பட்டன். உறுதியானதும்! அதுதானே எனக்கு வராது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம். தலையை அசைக்கக் கூடாது. குழாய் எனக்குப் புதிதில்லை, வருஷக்கணக்காக உள்ளேதான் படுத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் ஆய்வை நடத்தும் ஜைனப் சொன்னாள்: "ஸ்கேனைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா நடுவுல 'இப்ப எது அதிகம்னு தோணுது'ன்னு கேட்டோம்ல, அப்பவே பெரும்பாலும் சரியாத்தான் சொன்னீங்க. அதுக்கப்புறமும் பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

"மத்தவங்க உறுதியானதும் டக்குனு அழுத்திடுறாங்களா?"

சிரித்தாள். "நிறைய பேரு முழுசா உறுதி இல்லாமலேயே அழுத்திடுறாங்க."

அடப்பாவிகளா. இத்தனை நாளாக உங்கள் எல்லோருக்கும் உறுதியாகத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்.

ஜூன் 12
கேஸுக்காக மறுபடி வீட்டுக்கு வந்தேன். ஆய்வாவது மண்ணாவது.

நவம்பர் 14
மறுபடி கவுண்டர். ஒன்பதாம் மாடி. குழந்தை விழுந்தது. பிளானைக் கேட்க நாக்கு துடித்தது. சரத்தைப் பார்த்தேன். "சரியா இருக்கும்ல?"

"தெரியல லா." நான் கேட்டால் உறுதி சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி. கொலைகாரன்.

குழந்தை மறுபடி விழுந்தது. விழுந்துகொண்டிருக்கும்போதே கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 15
தப்பான வீடோ என்று விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. உறுதி இன்னும் வரவில்லை. பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது. வரட்டும். நாலறை வீடு. ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.