தரைத்தளம் மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

தோழியின் அறையில் மூன்றாவது நாள். அவள் வேலைக்குக் கிளம்பியதும் ஊர் வரைபடத்தைத் தரையில் விரித்தேன். நான்கு மூலைக்கும் அவள் செருப்பு ஒரு ஜோடி, என் செருப்பு ஒரு ஜோடி. நடுவில் கல்லூரி. சுற்றிலும் ஒன்பது பகுதிகள். இருபத்து மூன்றாம் தேதி தம்பிக்கு வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் ஒரு பகுதி, அதில் ஒரு தெரு, அதில் ஒரு வீடு.

விடுதி வேண்டாம் என்பது வீட்டில் யாரும் வாய்திறக்காமலே எடுத்த முடிவு. போன வருடம் வேறொரு ஊரில், விடுதியின் நான்காம் மாடியில், கைப்பிடிச் சுவருக்கு வெளியே நின்ற தம்பியை இரண்டு பேர் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஒரு காவலாளி, ஒரு துப்புரவுப் பணியாளர். இருவர் எண்களும் இன்னும் என் போனில் இருக்கின்றன. ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

பத்து மாதம் வீட்டில் இருந்தான். மருந்து, மருத்துவர், புள்ளியியல் புத்தகங்கள். நன்றாக இருக்கிறான் என்கிறார் மருத்துவர். நன்றாக இருக்கிறேன் என்கிறான் அவன். நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் வந்தால் மூலப்பிரதியைத் தேடுவேன்.

ஜூன் 4, புதன்

கல்லூரி வாசல் பகுதி. வரிசையாக நகல் எடுக்கும் கடைகள். எல்லா வீட்டின் மேலும் பிற்பாடு ஏற்றிய இரண்டு மாடி. மொட்டைமாடிச் சுவரில் கால் தொங்கப் போட்டுப் பையன்கள்.

தரகர் ஒல்லி, இரண்டு போன். “இந்தத் தெருவுல குடியிருந்தா படிக்காதவன்கூட பாஸாயிடுவான் மேடம்.”

குறிப்பேட்டில்: இரைச்சல். வரைபடத்தில் அந்தப் பகுதியைக் கோடு போட்டு அடித்தேன்.

ஜூன் 5, வியாழன்

ஏரிக்கரை. தானே வெட்டிய ஏரி மாதிரி ஜன்னலைத் திறந்து காட்டினார் தரகர். “தண்ணியப் பாத்தாலே மனசு லேசாயிடும்.”

ஆழம் எவ்வளவு என்று கேட்டேன்.

“வீட்டுக்குள்ள எல்லாம் வராது மேடம். நாலு வருஷமா வரல.”

குறிப்பேட்டில்: கொசு.

ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ரயில் நிலையத்துக்குப் பின்புறம். தரைத்தளம். வெளிச்சம், காற்று, மரியாதையான வீட்டுக்காரர். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே உறுத்தியது. தண்டவாளம் வரை நடந்து பார்த்தேன். எட்டு நிமிடம். வேலி இல்லை.

குறிப்பேட்டில்: அதிர்வு.

தரகர் போனில் சொன்னார்: “மேடம், உங்களுக்கு வீடு வேணுமா, இல்ல வேணாம்னு சொல்ல ஒரு காரணம் வேணுமா? எதுன்னு சொன்னா அதத் தேடுறேன்.” வைத்துவிட்டார்.

என்னைத் தவிர யாரும் படிக்காத குறிப்பேட்டில் எதற்குப் பொய் எழுதுகிறேன்?

ஜூன் 7, சனி

அம்மா போன். அவன் சாப்பிட்டானாம், சிரித்தானாம். எதற்குச் சிரித்தான் என்று கேட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றும் இன்றும் கிழக்குப் பகுதி. ஏரி இல்லை, ரயில் இல்லை. ஒரே அளவில் தாழ்ந்த வீடுகள். தரகர் இல்லாமல் நானே. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து காலை, மதியம், மாலை என்று யார் போகிறார்கள், யார் யாரிடம் நின்று பேசுகிறார்கள் என்று எழுதினேன். தையற்கடைக்காரர் எல்லோரையும் பார்க்கிறார். சைக்கிள் கடைக்காரர் எல்லோரிடமும் பேசுகிறார். இது நல்லதா, கெட்டதா? அவனைக் கவனிப்பார்களா, கண்காணிப்பார்களா?

நான்கு மணிக்கு ஒரு அம்மா நேராக என் முன்னால் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். இடுப்பில் கை.

“நாலு பஸ்ஸ விட்டுட்ட. நாலாவதையும் விட்டா போய்க் கேட்டுடுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். யாரும்மா நீ?”

அவருக்குப் பின்னால் தையற்கடைக்காரர் கையில் டேப்புடன். வாசலில் சைக்கிள் கடைக்காரர்.

“சைக்கிள்காரர் உன்ன கணக்கெடுக்க வந்த பொண்ணுங்கறார். டெய்லர், திருட்டுக் கும்பலுக்கு நோட்டம் பாக்க வந்தவங்கறார். எனக்கு ரெண்டும் சரியாப் படல.”

இரண்டு நாளாகத் தெரு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அது என் குறிப்பேட்டில் இல்லை.

“வீடு பாக்குறேன்ம்மா.”

“வீடு பாக்குறவ வீட்டப் பாக்கணும். பஸ்ஸ்டாப்ல உக்காந்து மனுஷங்களப் பாக்குற.”

முப்பத்தொரு வருடம் நடத்துநராக இருந்தவர். தெருவில் கண்டக்டரம்மா. அவர் வீட்டிலேயே இரண்டு பகுதி காலி. மாடியில் நல்ல வெளிச்சம். கீழே பகலிலும் விளக்குப் போட வேண்டும். கீழ்வீடு போதும் என்றேன்.

“எல்லாரும் மாடிதான் கேப்பாங்க. உனக்கென்ன கீழ?”

“அம்மாவுக்கு முட்டி வலி. படியேற முடியாது.”

கொஞ்ச நேரம் பார்த்தார். டிக்கெட் எடுத்தாச்சு என்று சொல்பவனைப் பார்க்கிற பார்வை. பிறகு, “சரி” என்றார்.

அம்மா தினமும் காலையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறாள்.

ஜூன் 14, சனி

வீட்டைப் பார்க்கத் தம்பி வந்தான். நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் வரைபடத்தையும் குறிப்பேட்டையும் படித்துவிட்டிருந்தான்.

“ஏரில கொசு. ரயில்ல அதிர்வு. மாடியெல்லாம் இரைச்சல்.” குறிப்பேட்டை மூடி வைத்தான். “பேசாம பாலைவனத்துல ஒரு கூடாரம் பாத்துடுக்கா. ஆனா அங்க ஒட்டகம் உயரமா இருக்கும்.”

நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்தினான்.

“வீட்ல அப்பா எல்லாத் தாழ்ப்பாளையும் கழட்டினாருல்ல. அதுலேருந்து நான் பாடிக்கிட்டேதான் குளிக்கிறேன். யாராவது உள்ள வந்துடுவாங்கன்னு இல்ல. வெளிய நிக்கிறவங்க பயப்படாம இருக்கட்டும்னு.”

“உனக்குப் பாட வராதே.”

“அதான் பத்து மாசமா எல்லாரும் கேட்டீங்களே.”

அவன் குளிக்கப் போனான். பாடினான். பாட்டு கேட்கிறது என்ற தைரியத்தில் அவன் பையைத் திறந்தேன். வெட்கமாக இருந்தது, திறந்தேன். மருந்து அட்டைகள். எண்ணினேன். சரியாக இருந்தன. அடியில் செய்தித்தாளில் சுற்றிக் கனமாக ஏதோ – பிரித்தேன். இரும்புத் தாழ்ப்பாள். அவன் அறைக் கதவில் இருந்தது. கூட மூன்று ஸ்க்ரூ.

எதற்கு? அப்பாவுக்குத் தெரியுமா? எப்போது எடுத்தான்?

கேட்க முடியாது. கேட்டால் பையைத் திறந்தது தெரிந்துவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

கீழ்வீடு அவனுக்குப் பிடித்திருக்கிறதாம். சொன்ன வேகம் சரியில்லை.

ஜூன் 21, சனி

குடிவந்தோம். வாசலில் இரண்டே படி. அதன் பக்கத்தில் போன வாரம் இல்லாத ஒரு கைப்பிடிக் கம்பி. புதுப் பச்சை வண்ணம்.

“அம்மா எங்க?” என்றார் கண்டக்டரம்மா. வண்டியின் முன்னிருக்கையைக் குனிந்து பார்த்தார்.

“அடுத்த மாசம்… வலி கொஞ்சம் குறைஞ்சதும்…”

தம்பி புத்தகப் பெட்டியைக் கீழே வைத்தான். “எங்கம்மா நடந்தா உங்க பஸ்ஸு பின்னாடிதான் வரும். கீழ்வீடு எனக்காக. போன வருஷம் மாடிலேருந்து குதிக்கப் போனேன். இப்ப சரியாயிடுச்சு. அக்காவுக்குத்தான் இன்னும் ஆகல.”

டீ வாங்கணும் என்று சொல்வதுபோலச் சொன்னான். வண்டிக்காரர் கட்டிலை இறக்காமல் நின்றார். வீடு கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

“முட்டி பொய்யின்னு அன்னிக்கே தெரியும்,” என்றார் கண்டக்டரம்மா என்னிடம்.

“அப்ப எதுக்கு இந்தக் கம்பி?”

“ஒருவேளை முட்டி நெசமா இருந்துட்டா? எத்தன வருஷம் பாத்தாலும் நூத்துல ரெண்டு பேர் நெசமாவே டிக்கெட்டத் தொலைச்சிருப்பாங்க.” பிறகு தம்பியைப் பார்த்து, “டேய், பெயிண்ட் காயல, தொட்டுடாத.”

அதற்குள் பிடித்துவிட்டிருந்தான். உள்ளங்கை முழுக்கப் பச்சை.

சந்தேகப்பட்டிருக்கிறார். கம்பியும் போட்டிருக்கிறார். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

அவன் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. பழைய திருகாணித் துளைகள் மட்டும். அவனும் பையிலிருந்து எடுக்கவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குளியலறையில் பாட்டு.

ஜூன் 25, புதன்

வகுப்பு தொடங்கி மூன்றாம் நாள். நாற்பது நிமிடம் தாமதம். போன் எடுக்கவில்லை. நிறுத்தத்தில் போய் நின்றேன்.

“என்னம்மா, திரும்பவும் நோட்டமா?” என்றார் தையற்கடைக்காரர்.

இரண்டாவது பேருந்தில் இறங்கினான். நூலகத்தில் இருந்தானாம்.

“சொல்லிருக்கணும்ல?”

“சொன்னா நம்பிருப்பியா?”

வீடு வரை அவனுக்கு இரண்டடி பின்னால் நடந்தேன்.

ஜூலை 2, புதன்

அவன் பையை இன்று திறக்கவில்லை. இதை எழுதி வைப்பதே அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் கண்டக்டரம்மாவிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். எதற்கென்று கேட்கவில்லை. “திருப்பிக் குடுத்துடணும்” என்று மட்டும் சொன்னார்.

அவன் முன்னால் போய் நின்றேன். “அன்னிக்கு உன் பையத் திறந்தேன்.”

“தெரியும். மருந்து அட்டையத் தலைகீழா வச்சிட்டுப் போயிருந்த.” தாழ்ப்பாளை எடுத்து வந்தான். “நான் திருடல. அப்பாகிட்ட கேட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் அவரே பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. அக்காவே போட்டுத் தந்தா போட்டுக்கோன்னாரு.”

“மூணு ஸ்க்ரூதான் இருக்கு.”

“நாலாவது அவர்கிட்ட இருக்கு. அது மட்டும் இங்க இருக்கட்டும்னாரு.”

கதவின் உட்புறம். பழைய துளைகள் பொருந்தவில்லை. ஆணி அடித்துப் புதிதாகத் துளைக்க வேண்டியிருந்தது. அவன் பிடித்துக்கொண்டான், நான் முடுக்கினேன். மூன்றில் நின்றது. இழுத்து இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆடுகிறது, விழாது.

“போட்டுப் பாக்கட்டுமா?” என்றான்.

உள்ளே போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

பாட்டு இல்லை.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். குழாய்ச் சத்தத்தில் அவன் அறையிலிருந்து எதுவும் கேட்கவில்லை. மூடிவிட்டுக் கேட்கலாம் என்று கை போயிற்று. மூடவில்லை. கழுவியதையே இன்னொரு முறை கழுவினேன்.